மேப்பிள் வாடுகிறதா? வேலூர் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஜப்பான் மேப்பிள் என்று நாம் வாங்குவது ஏசர் பால்மேட்டம் என்ற சிறு மரம். ஜப்பான், கொரியா, சீனப் பகுதிகளின் மலைக்காடுகளில், பெரிய மரங்களுக்கு அடியில், அரை நிழலில், இலைமக்கு நிறைந்த மண்ணில் வளர்வது. குளிர்காலம் முழுக்க மொட்டையாக நின்று தூங்கி எழுவது. அதைக் கொண்டுவந்து சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ மொட்டை மாடியில் வைத்தால் கோளாறு வரத்தான் செய்யும். எது எதனால் வருகிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், படத்தில் பார்த்த மாதிரி இல்லாவிட்டாலும், மரத்தை நல்லபடியாக ஓட்டலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே மேப்பிளுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை நோயே இல்லை. தண்ணீரில் உள்ள உப்பு, தொட்டியில் ஏறும் சூடு, ராத்திரியிலும் இறங்காத புழுக்கம், இவைதான். நம் ஊரைச் சுற்றி நிற்கும் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் திருப்பித் தருகின்றன என்பது மலையடியில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே கீழே எந்த அறிகுறி உங்கள் செடியோடு பொருந்தினாலும், பூஞ்சைக்கொல்லி டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள்.

செடி ஜம்மென்று வளர்கிறது, ஒரு குறையும் இல்லை

சிரிக்க வேண்டாம். நம் வெயிலில் வாங்கிய ஆறு மாதத்துக்குள் இடுப்பு உயரம் வந்துவிட்டதென்றால் அது மேப்பிளாக இருக்க வாய்ப்பு குறைவு. கை விரித்த மாதிரி இலை இருந்தால் போதும், மேப்பிள் என்று விற்றுவிடுகிறார்கள்.

பார்க்க வேண்டியது இலையின் வடிவத்தை அல்ல, இலை கிளையில் உட்கார்ந்திருக்கும் விதத்தை. மேப்பிளில் ஒரு கணுவில் இரண்டு இலை, நேர் எதிரெதிராக இருக்கும். மாறி மாறி ஒவ்வொன்றாக இருந்தால் அது வேறு செடி. சிவப்பு மேப்பிள் என்று கொடுப்பதில் அதிகம் மாட்டுவது சிவப்பிலைச் செம்பருத்தி வகை ஒன்று, ஹைபிஸ்கஸ் அசிட்டோசெல்லா. நம் புளிச்சக்கீரைக்குப் பங்காளி. ஒரு துளிரைக் கிள்ளி வாயில் போட்டால் புளிக்கும். ஆனால் அதற்கு முன்னால் காம்பைக் கிள்ளிப் பாருங்கள்: சாறு ஒழுகினால் வாயில் வைக்காதீர்கள். அது ரோட்டோரத்தில் தானாக முளைக்கும் சிவப்பு ஆமணக்கு மாதிரியான காட்டாமணக்கு வகையாக இருக்கலாம், அது விஷம். இன்னொன்று, பூக்கும் மேப்பிள் என்று விளக்கு மாதிரி தொங்கும் பூவோடு வருவது. அது அபுட்டிலான், அதாவது வேலி ஓரத்துத் துத்தியின் அலங்கார உறவு.

இவையெல்லாம் மோசமான செடிகள் இல்லை. சிவப்புச் செம்பருத்தி வகை நம் வெயிலுக்கு மேப்பிளைவிட நன்றாகவே தாங்கும். கொடுத்த விலைதான் வயிற்றெரிச்சல். அந்தச் செடிகளுக்குக் கீழே சொல்லும் எதுவும் தேவையில்லை, நிம்மதியாக வளருங்கள்.

இலை ஓரம் காய்ந்து, பழுப்பாகி, மொறுமொறுவென்று உடைகிறது

வேலூரில் மேப்பிள் வைத்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். மாசியில் ஆரம்பித்து கத்திரி வெயிலில் உச்சத்துக்குப் போகும். காரணம் இரண்டு: வெயிலும் அனல் காற்றும் ஒன்று, உப்பு இன்னொன்று. மருந்து வேறு வேறு என்பதால் எது என்று பிரித்தறிய வேண்டும்.

செடியைச் சுற்றி வந்து பாருங்கள். மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் உள்ள இலைகள் கருகி, சுவர்ப்பக்க இலைகள் நன்றாக இருந்தால் வெயில். உச்சியில் புதிய மெல்லிய இலைகள்தான் முதலில் அடிபடும். மாறாக, எந்தப் பக்கம் என்றில்லாமல், அடியில் உள்ள முதிர்ந்த இலைகளில் முதலில் நுனியும் ஓரமும் ஒரே அளவாகக் காய்ந்து வந்தால் உப்பு. மண் தொட்டி என்றால் வெளிச்சுவரில் வெள்ளைப் பூப்பு பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அது மண்ணிலிருந்து கசிந்து காய்ந்த உப்பு. வெளியே அவ்வளவு என்றால் உள்ளே வேர் எதில் நிற்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வெயில்தான் என்றால் இடத்தை மாற்றுங்கள். வீட்டின் கிழக்குப் பக்கம், காலை ஒன்பது மணி வரை வெயில், அப்புறம் சுவரின் நிழல்: இதைவிட நல்ல இடம் நம் ஊரில் மேப்பிளுக்குக் கிடையாது. கிழக்கில் இடமில்லை என்றால் வேப்ப மரத்தடி. அதுவும் இல்லை என்றால் 50 சதவீதப் பச்சை வலை. 75 சதவீத வலை வாங்கினால் கருகாது, ஆனால் இலை நிறம் செத்துப்போய் கிளை நீண்டு ஒல்லியாகிவிடும். வலையைச் செடியின் தலைமேல் ஒட்டிக் கட்டக் கூடாது. காற்றோட்டம் இருக்க இரண்டடியாவது இடைவெளி வேண்டும். காற்று வரும் பக்கமும் ஒரு தடுப்பு வையுங்கள். ஆனி, ஆடியில் அடிக்கும் மேற்குக் காற்று ஒரே பகலில் இலையை அப்பளம் மாதிரி ஆக்கிவிடும். வேர் எவ்வளவு தண்ணீர் இழுத்தாலும் இலை விடும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் ஓரம் முதலில் சாகிறது. மண் ஈரமாக இருந்தும் இலை கருகுவது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டு மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகும், கருகலும் நிற்காது.

உப்பு என்றால் வேலை கொஞ்சம் அதிகம். நம் பக்கத்தில் போர் தண்ணீரின் நிலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது, போரின் ஆழம் கூடிக்கொண்டே போகிறது, தோல் தொழிற்சாலைகள் இருக்கும் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கேட்கவே வேண்டாம். ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிவிடுங்கள், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் பேனா அளவு கருவி, விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். மேப்பிளுக்கு 300-க்குள் இருந்தால் கவலையில்லை. 500-ஐத் தாண்டினால் ஓரம் காய்வது நேரத்தைப் பொறுத்த விஷயம். ஆயிரத்துக்கு மேல் காட்டும் போர் இருக்கும் வீட்டில் மேப்பிளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருவில் இருந்தால் அதையே ஒரு குடம் பிடித்து ஊற்றுங்கள். குளோரின் வாசனை தூக்கலாக இருந்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். ஏ.சி.யில் இருந்து வடியும் தண்ணீர் இன்னும் நல்லது. அது காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்து சொட்டுவது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. கோடையில் ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடும் வீட்டில் ஒரு வாளி சாதாரணமாகச் சேரும்; ஒரு மேப்பிளுக்கு அது தாராளம். ஆர்.ஓ. மெஷினில் வடிகட்டிய தண்ணீர் சரி, ஆனால் அது கழித்துவிடும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிச் சிக்கனம் பண்ணுவதாக நினைக்காதீர்கள். வடிகட்டியில் தடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட மழைத்தண்ணீர். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு பெரும்பாலான வீடுகளில் மாடியிலிருந்து குழாய் இறங்கித் தரைக்குழிக்குப் போகிறது. அந்தக் குழாயில் ஒரு கிளை எடுத்து டிரம்முக்கு விட்டால் போதும். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர். ஒரே மழையில் பெரிய டிரம் நிரம்பி வழியும். டிரம்முக்கு மூடி கட்டாயம், இல்லாவிட்டால் மேப்பிளோடு சேர்த்து டெங்கு கொசுவும் வளரும்.

ஏற்கெனவே உப்பேறிய தொட்டியைக் கழுவ வேண்டும். தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை, அவசரப்படாமல், விட்டு விட்டு ஊற்றி அடித்துளை வழியாக வெளியேற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அது திரும்ப மேலே ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை நாளில் தொட்டியை வானம் பார்க்க வைத்தாலே இந்த வேலை இலவசமாக நடந்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். மாடியில் பகல் ஒரு மணிக்குக் குழாயைத் திறந்தால் முதலில் வருவது டீ போடும் சூட்டில் இருக்கும். வெயிலில் கிடக்கும் ரப்பர் ஹோசும் அப்படியே. அதை அப்படியே செடிக்குத் திருப்பினால் வேர் வெந்துபோகும். கையில் பிடித்துப் பார்த்து, குளிர்ந்த பிறகு விடுங்கள். அதைவிடக் காலை ஆறு மணிக்கு ஊற்றிவிடுவது உத்தமம்.

தொட்டியும் சுடக் கூடாது. நர்சரியிலிருந்து வரும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியை மே மாத மதியத்தில் வெளிப்புறம் தொட்டுப் பாருங்கள், கையை எடுத்துவிடுவீர்கள். மண் 38 டிகிரியைத் தாண்டினால் சுவரோரம் ஓடும் இளவேர்கள் அடிபடும். வேர் போனால் மேலே இலை கருகும். அந்தத் தொட்டியைப் பெரிய மண் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் கொட்டி, மணலை ஈரமாக வைத்திருங்கள். பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். மேல்மண்ணுக்குத் தேங்காய் நார் மூடாக்கு போடலாம். நார்க்கழிவு வாங்கினால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் போடுங்கள், அலசாததில் உப்பு இருக்கும். வேர்க்கடலைத் தோலைச் சிலர் போடுவார்கள், நம் பக்கம் சும்மாவே கிடைக்கும். கரையானையும் வேரழுகல் பூஞ்சையையும் கூடவே அழைத்து வரும் என்பதால் நான் போடுவதில்லை.

கருகிய இலையைக் கிள்ளிப் போடலாமா? பாதிக்கு மேல் பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள். அசிங்கமாக இருந்தாலும் அது சோறு சமைக்கிறது.

இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

புதிய இலைகளில் இப்படி இருந்தால் இரும்புச் சத்துக் குறை. பழைய இலைகளில் இருந்தால் மெக்னீசியக் குறையாக இருக்கலாம். எல்லாமே ஒரே சீராக வெளிர் மஞ்சள் என்றால் தழைச்சத்துப் பசி, கொஞ்சம் மக்கிய உரம் கொடுத்தால் சரியாகும்.

முதலாவதுதான் நமக்கு அடிக்கடி வருவது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். ஆனால் மேப்பிள் கொஞ்சம் புளிப்புத்தன்மையுள்ள மண்ணை விரும்பும், அமிலக் காரத்தன்மை (பி.எச்.) 5.5 முதல் 6.5 வரை. சுண்ணாம்புச் சத்து மிகுந்த போர் தண்ணீரை மாதக்கணக்கில் ஊற்ற ஊற்ற மண் காரமாகி, இரும்பு கண்ணெதிரே இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் பூட்டிக்கொள்கிறது.

இங்கேதான் வீட்டுப் பெரியவர்களோடு ஒரு சின்னப் பஞ்சாயத்து. "செடி மஞ்சளா இருக்கே, ரெண்டு கைப்பிடி சாம்பல் போடும்மா" என்பார்கள். சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு மூன்றும் மண்ணை இன்னும் காரமாக்கும். முருங்கைக்கோ வாழைக்கோ போடச் சொல்லி அவர்களைத் திருப்பிவிடுங்கள். மேப்பிள் தொட்டிப் பக்கம் வர விடாதீர்கள்.

அவசர மருந்து அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள், உரக்கடையிலும் உண்டு. லிட்டருக்கு 2 கிராம், அதோடு ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய லேசாகத் தெளியுங்கள். கலக்கிய தண்ணீரை மறுநாளுக்கு வைக்காதீர்கள், துருப்பிடித்துப் பழுப்பாகிவிடும். முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள், மேப்பிள் இலை மெல்லியது. வெள்ளைச் சுவர், டைல்ஸ் தரைக்குப் பக்கத்தில் அடித்தால் கறை போகாது.

மண் வழியாகக் கொடுப்பதானால் செலேட் இரும்பில் இ.டி.டி.எச்.ஏ. வகையைக் கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் நிற்காது. நிரந்தர வழி தண்ணீரை மாற்றுவதுதான். மாற்றவே முடியாது என்றால், ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்குக் கால் கிராம் அளவில் எலுமிச்சை உப்பைத் தொடங்கி, லிட்மஸ் மாதிரியான பி.எச். தாளில் 6-க்கும் 6.5-க்கும் நடுவே வரும் வரை சரிபார்த்துக்கொள்ளலாம். இது காரத்தைக் குறைக்குமே தவிர, உப்பைக் குறைக்காது. விரிஞ்சிபுரத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண்ணையும் தண்ணீரையும் பரிசோதிக்க அங்கே விசாரியுங்கள். ஊகத்தில் உரம் போடுவதைவிட அது சிக்கனம்.

மண் ஈரமாக இருக்கிறது, செடி தொங்கிப்போய் நிற்கிறது

ஐப்பசி மழைக்குப் பிறகு வரும் கோளாறு. வேர் மூச்சுத் திணறி, அழுகல் பூஞ்சை பிடித்திருக்கிறது. தொட்டியைத் தூக்கி அடித்துளையை மோந்து பாருங்கள். நல்ல மண் மழை வாசனை அடிக்கும். சாக்கடை நாற்றம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

செடியை உருவுங்கள். உயிருள்ள வேர் வெளிர் நிறத்தில் கெட்டியாக இருக்கும். அழுகியதைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்து, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். கறுத்ததை எல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டி எடுங்கள். வேர் எவ்வளவு குறைந்ததோ அதற்கேற்ப மேலே கிளையையும் கொஞ்சம் குறைத்து, புதுக் கலவையில், கொஞ்சம் சின்னத் தொட்டியில் நட்டு, நிழலில் வையுங்கள். கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி ஒரு கைப்பிடி சேர்ப்பது நல்லது. புது இலை வரும் வரை உரம் என்ற பேச்சே வேண்டாம்.

எந்தக் கலவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தோட்டத்துச் செம்மண்ணைத் தொட்டியில் போட்டால் நாளாக ஆக இறுகிப் பாறையாகிவிடும். நான் சிபாரிசு செய்வது இரண்டு பங்கு உடைத்த செங்கல் சில்லு, ஒரு பங்கு அலசிய நார்க்கழிவு, ஒரு பங்கு நன்றாக மக்கிய இலைமக்கு. செங்கல்லை வீட்டிலேயே உடைத்து, கடுகளவுத் தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு, கொத்துமல்லி விதையிலிருந்து கொண்டைக்கடலை வரை உள்ளதை மட்டும் எடுங்கள். அந்தத் தூளைச் சேர்த்தால் துளைகள் அடைத்துக்கொண்டு, பட்ட பாடெல்லாம் வீண். எம்.சாண்டும் அதே காரணத்தால் ஆகாது. பச்சைச் சாணம், புது மண்புழு உரம் இரண்டையும் அள்ளிப் போட வேண்டாம், அவற்றிலும் உப்பு உண்டு.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதற்கு நாள் கணக்கு கிடையாது. விரலை இரண்டு கணு மண்ணில் விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் விட்டுவிடுங்கள். கத்திரியில் தினமும் தேவைப்படும், கார்த்திகையில் வாரம் முழுக்கத் தேவைப்படாமல் போகலாம்.

ஒரே ஒரு கிளை மட்டும் திடீரென்று காய்கிறது

புத்தகங்களில் இதற்கு முதல் காரணமாகச் சொல்வது வெர்டிசிலியம் வாடல் என்ற மண் பூஞ்சை நோய். கிளையைக் குறுக்கே வெட்டினால் கட்டையில் பச்சையும் பழுப்புமாகக் கறை வளையம் தெரியும். மருந்து கிடையாது. ஆனால் அந்தப் பூஞ்சை மிதமான சூடுள்ள மண்ணில் செழிப்பது, நம் கோடைச் சூட்டில் அதற்கே ஆகாது. எனவே இங்கே அதை முதலில் நினைக்க வேண்டாம். தக்காளி, கத்திரி வைத்திருந்த தொட்டி மண்ணை மேப்பிளுக்கு மறுபடி பயன்படுத்தாமல் இருந்தால் போதும்; அந்தக் குடும்பம்தான் இந்தப் பூஞ்சையைத் தாங்கி வைத்திருப்பது. இலவம்பாடி முள்ளுக்கத்திரி வளர்த்த மண் என்றாலும் விதிவிலக்கு இல்லை.

நம் ஊரில் அதிகம் பார்ப்பது பட்டை வெந்துபோவது. இலை கருகிக் கொட்டியதும் அதுவரை நிழலில் இருந்த கிளையின் மெல்லிய பட்டை நேரடியாக மேற்கு வெயிலை வாங்குகிறது. அந்தப் பக்கம் மட்டும் நிறம் மாறி, அமுங்கி, பிறகு வெடிக்கும். காய்ந்த பகுதியைப் பச்சை தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு, நடுத்தண்டுக்குக் கோணிச் சாக்கைத் தளர்வாகச் சுற்றுங்கள். கயிறு கட்டியிருந்தால் அதையும் பாருங்கள். நர்சரிக்காரர் பெயர் அட்டையைக் கட்டிய கம்பி கிளைக்குள் புதைந்து கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

சிவப்பு இலை வாங்கினேன், பச்சையாகிவிட்டது

இது நோய் இல்லை. இலையின் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமி. இரவு குளிர்ந்தால் அது தங்கும், இரவும் பகலும் ஒரே சூடாக இருந்தால் குறைந்துபோகும். பிளட்குட் மாதிரி பேர் பெற்ற சிவப்பு வகைகூடக் கோடையில் பழுப்புப் பச்சைக்கு மாறும். நல்ல நிழலில் வைத்தால் நிறம் இன்னும் மங்கும், வெயிலில் வைத்தால் கருகும். இரண்டுக்கும் நடுவே காலை வெயில் மட்டும்தான் வழி. யூரியா, டி.ஏ.பி. போடுபவர்கள் நிறுத்திவிடுங்கள், தழைச்சத்து கூடினாலும் பச்சை கூடும்.

இலையுதிர் காலத்தில் மரம் முழுக்கத் தீப்பிடித்த மாதிரி நிற்கும் படங்களைப் பார்த்து வாங்கியவர்களுக்கு: அது வேலூரில் நடக்காது. நம் மார்கழி, தை இரவுகள் பெரும்பாலும் 15 டிகிரிக்கு மேலேயே நிற்கின்றன. புதுத் துளிர் வரும்போது சில வாரம் சிவக்கும், அதுதான் நம் பங்கு. இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் சிவப்பையும், நூல் நூலாகப் பிரிந்த இலை வகையையும் விட்டுவிட்டு, சாதாரணப் பச்சை இலை வகையைக் கேளுங்கள். வெயிலைச் சற்றுத் தாங்கும். டிரைடென்ட் மேப்பிள் எனும் மூன்று மடல் இலை வகை இன்னும் கெட்டி, போன்சாய் வளர்ப்பவர்களிடம் இருக்கும்.

இலை புள்ளி புள்ளியாக வெளுக்கிறது, அல்லது பிசுபிசுக்கிறது

வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் செம்பேன். வறண்ட சூட்டில் பெருகும். காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். உப்புத் தண்ணீரால் பீய்ச்சாதீர்கள், இலையில் வெள்ளைத் திட்டு காயும். பிசுபிசுப்பும் எறும்பு வரிசையும் இருந்தால் அசுவினி அல்லது மாவுப்பூச்சி. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு, சூரியன் இறங்கிய பிறகு. பகல் வெயிலில் எண்ணெய் அடித்தால் பூச்சியோடு இலையும் பொரிந்துவிடும்.

விதை போட்டேன், முளைக்கவே இல்லை

நீல மேப்பிள் விதை வாங்கியிருந்தால் பணம் போனது போனதுதான். நீல இலை மேப்பிள் என்று உலகத்தில் ஒன்று கிடையாது.

உண்மையான மேப்பிள் விதை இரண்டு இறக்கை ஒட்டிய மாதிரி இருக்கும். குளிர் பட்டால்தான் அது உறக்கம் கலையும். இறக்கையைக் கிள்ளிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, பிழிந்த நார்க்கழிவில் கலந்து ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் மூன்று, நான்கு மாதம் வையுங்கள். ஃபிரீசரில் இல்லை. புரட்டாசியில் உள்ளே வைத்தால் தையில் எடுத்து விதைக்கலாம், நாற்றுக்கு மாசி வரை இதமான நாள் கிடைக்கும். பழைய காய்ந்த விதை இதற்கெல்லாம் அசையாது.

இலை கொட்டிவிட்டது, துளிர் வரவில்லை

மேப்பிள் மொட்டு கண் விழிக்க 7 டிகிரிக்குக் கீழே சில வாரங்களாவது குளிர் வேண்டும். அது நம்மிடம் இல்லை. அதனால் மரம் சரியாகத் தூங்கவும் செய்யாது, விழிக்கவும் செய்யாது. ஒரு கிளை துளிர்த்து, பக்கத்துக் கிளை சும்மா நிற்கும். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கும். ஏலகிரி சுமார் 1100 மீட்டர் உயரம். அங்கே கோடைக் கருகல் குறையும், குளிரின் குறை முழுதாகத் தீராது. ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில்தான் மேப்பிள் மேப்பிளாக இருக்கும். சின்ன போன்சாய் தொட்டியைத் தனி ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பவர்களும் உண்டு. பழம் வைக்கும் ஃபிரிட்ஜில் செய்தால் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுக்கும். என்னைக் கேட்டால் அது செடி வளர்ப்பு இல்லை, நோயாளியைப் பார்த்துக்கொள்வது. கார்த்திகை முதல் தை வரை உரத்தை நிறுத்தி, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, வீட்டின் குளிர்ந்த மூலையில் ஓய்வு கொடுப்பது நம்மால் முடிந்தது.

செத்துவிட்டதா என்று முடிவு கட்டுவதற்கு முன், நகத்தால் ஒரு கிளை நுனியில் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் கீழே கீழே சுரண்டிக்கொண்டே வாருங்கள். பச்சை எங்கே தொடங்குகிறதோ அதற்கு ஒரு விரல் மேலே வெட்டிவிட்டு, நிழலில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கோடையில் மொட்டையான செடி ஆவணி, புரட்டாசி மழையில் துளிர்ப்பது உண்டு, அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.

சுரண்டும்போது தண்டின் அடியில் ஒரு முடிச்சு மாதிரி வீக்கம் தெரிந்தால், அது ஒட்டுக்கட்டிய இடம். செடி நன்றாக இருக்கும்போது அதற்குக் கீழே வரும் பச்சைத் துளிர்களை உடனே கிள்ளிவிட வேண்டும்; அவை அடிச்செடியின் துளிர்கள், விட்டால் மேலே உள்ள நல்ல வகையைப் பட்டினி போட்டுவிடும். ஆனால் முடிச்சுக்கு மேலே எல்லாம் காய்ந்து, கீழே மட்டும் துளிர் வந்தால் கணக்கே வேறு. காய்ந்ததை வெட்டி எறிந்துவிட்டு, அடித்துளிரில் திடமான ஒன்றை மட்டும் நிறுத்தி வளருங்கள். அடிச்செடியாக வைப்பது பெரும்பாலும் விதையில் முளைத்த சாதாரணப் பச்சை மேப்பிள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சிவப்பைவிட அது நம் ஊரில் நன்றாகவே நிற்கும்.